மாலத்தீவில் தீவு விட்டுத் தீவு போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலத்தீவுக்குப் போய்வந்தேன் என்று சொன்னால், "லாட்டரி விழுந்ததா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீர்மேல் கட்டிய மரக்குடிலின் படம் அவ்வளவு ஆழமாக நம் மனதில் பதிந்துவிட்டது. அந்தக் குடிலுக்கு வெளியே ஒரு நாடு இருக்கிறது. பள்ளிக்கூடம், மீன்பிடித் துறை, டீக்கடை, மாலையில் பந்து விளையாடும் பிள்ளைகள் எல்லாம் உள்ள நாடு. அங்கே சுற்றிவர ஆசைப்பட்ட நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைத் திரட்டி, பதில்களோடு இங்கே தருகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறையைப் பதிவு செய்வதற்கு முன் படகைப் பாருங்கள். மாலத்தீவில் திண்டாடிய எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்தவர்களே.

ரிசார்ட்டில் தங்கினால்தான் மாலத்தீவைப் பார்க்க முடியுமா?

இல்லை. ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தபோதிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், சுற்றுலாப் பயணிகள் ஆளில்லாத் தீவுகளில் கட்டிய விடுதிகளில்தான் தங்கினார்கள். மக்கள் வாழும் தீவுகளைப் பகலில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். 2009-ஐ ஒட்டி அந்தக் கொள்கை மாறியது. இப்போது மாஃபுஷி, தொட்டூ, உகுளஸ், திகுரா, ஃபுலிதூ போன்ற ஊர்த்தீவுகளில் உள்ளூர்க்காரர்களே நடத்தும் விருந்தினர் இல்லங்கள் நிறைந்திருக்கின்றன.

ரிசார்ட் தீவில் ஒரு விடுதி மட்டுமே இருக்கும். படகு, சாப்பாடு, கடல் உலா எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை, போகவும் முடியாது. இந்தக் கட்டுரை ஊர்த்தீவுகளில் தங்கிச் சுற்ற நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது.

நாடு எவ்வளவு பெரியது?

நிலம் மிகக் குறைவு. கடல் மிக அதிகம். சுமார் 1,190 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் மக்கள் வாழும் தீவுகள் 200-க்கும் குறைவு. எல்லாத் தீவுகளையும் சேர்த்து அள்ளிவைத்தாலும் நிலம் சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல். தென்முனை நிலநடுக்கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது.

தீவுகள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. கடலுக்கடியில் அமிழ்ந்துபோன எரிமலைகளைச் சுற்றி வளர்ந்த பவளப்பாறை வளையங்கள் இவை. ஒரு வளையத்துக்குப் பெயர் அட்டோல். உலகம் முழுவதும் புழங்கும் இந்தச் சொல்லே மாலத்தீவின் திவேகி மொழி கொடுத்ததுதான். இயற்கையான அட்டோல்கள் 26. ஒரே அட்டோலுக்குள் இருக்கும் தீவுகள் பக்கத்து ஊர்களைப் போல. அட்டோல் விட்டு அட்டோல் போவது மாவட்டம் தாண்டிப் போவதைப் போல. பயணத் திட்டத்தின் அடிப்படை இந்த வேறுபாடுதான். இது பிடிபடாமல்தான் பலர் ஐந்து நாளில் ஐந்து மூலைகளுக்குத் திட்டம் போடுகிறார்கள்.

தீவின் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தோ சிறு சொல்லோ போடுகிறார்களே, எதற்கு?

இதை அலட்சியம் செய்யாதீர்கள். அது அட்டோலின் அடையாளம். ஒரே பெயரில் பல தீவுகள் இருக்கின்றன. மீதூ என்ற பெயரில் ரா அட்டோலில் ஒரு தீவு, தாலு அட்டோலில் ஒன்று, தென்கோடி அட்டூவில் இன்னொன்று. நிலந்தூ என்ற பெயரும் இரண்டு அட்டோல்களில் உண்டு. அட்டோலைப் பார்க்காமல் மலிவான அறை என்று பதிவு செய்தால், படகுத்துறையில் நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அறை, படகு, விமானம் மூன்று சீட்டுகளிலும் அட்டோலின் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

விசா வேண்டுமா?

முன்கூட்டியே எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நாட்டவருக்குப் போய் இறங்கியதும் குறைந்தது 30 நாள் சுற்றுலா அனுமதியைக் கட்டணம் இல்லாமல் தருகிறார்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். அரசின் இமுகா இணையதளத்தில் பயணி அறிவிப்புப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அங்கிருந்து கிளம்பும்போதும் ஒருமுறை நிரப்ப வேண்டும். இதற்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்தோ கொச்சியிலிருந்தோ கப்பலில் போகலாமா?

சரக்குகள் போகின்றன. தூத்துக்குடிக்கும் மாலத்தீவின் தலைநகர் மாலேக்கும் உள்ள கடல் வணிகம் பழையது. ஆனால் பயணிகளுக்கு விமானம்தான். திருவனந்தபுரத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஒன்றரை மணி நேர அளவுதான் பறக்க வேண்டும். நேரடி விமானங்கள் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறைகின்றன என்பதால் தேதியை வைத்துத் தேடுங்கள்.

தேடும்போது விலையைவிட, போய் இறங்கும் நேரத்தைக் கவனியுங்கள். காலையிலோ நண்பகலிலோ இறங்கினால் அன்றைக்கே தீவுக்குப் போய்விடலாம். இரவில் இறங்கும் மலிவான டிக்கெட்டை எடுத்தால், மிச்சம் பிடித்த பணம் மாலேயிலோ பக்கத்து நகரான ஹுளுமாலேயிலோ ஒரு ராத்திரி அறை வாடகையாகப் போய்விடும்.

விமான நிலையத்தில் இறங்கியதும் என்ன செய்வது?

வெலானா பன்னாட்டு விமான நிலையம் ஹுளுலே என்ற தனித்தீவு. வாசலைத் தாண்டியதும் எதிரே கடல். டாக்சி நிற்கும் இடத்தில் படகுகள் நிற்கும். முதல் முறை பார்த்தபோது கையில் பையோடு சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

இங்கிருந்து மூன்று வழிகள். தலைநகர் மாலேக்குப் போக, வாசலிலிருந்தே சிறு படகு அடிக்கடி கிளம்புகிறது. பத்து நிமிடம் ஆகும். அல்லது 2018-இல் திறக்கப்பட்ட சினமாலே பாலத்தின் வழியாகப் பேருந்திலோ டாக்சியிலோ போகலாம். ஹுளுமாலே என்ற, கடலைத் தூர்த்து உருவாக்கிய புது நகருக்கும் சாலை உண்டு; இரவு தங்க அது வசதி. நேராக ஊர்த்தீவுக்குப் போகிறவர்களின் விரைவுப் படகு பெரும்பாலும் விமான நிலையத் துறைக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது. உங்கள் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நிற்பார். அவர் எந்த இடத்தில் நிற்பார் என்பதை விருந்தினர் இல்லத்தில் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலேயிலிருந்து படகு ஏறுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஊர் சிறியதுதான், ஆனால் துறைகள் பல. விரைவுப் படகுகள் ஒரு பக்கம், மெதுவாகப் போகும் பொதுப் படகுகள் தென்மேற்கில் வில்லிங்கிலி முனையம் பக்கம் என்று பிரிந்திருக்கும். "மாலே துறை" என்று மட்டும் சொன்னால் டாக்சிக்காரருக்குப் புரியாது. துறையின் எண்ணோ பெயரோ வேண்டும்.

தீவுகளுக்கு இடையே என்னென்ன ஓடுகின்றன? எதில் போவது நல்லது?

முதலில் பொதுப் படகு. உள்ளூர்க்காரர்கள் காலங்காலமாகப் போய்வரும் தோணி இது. ஆம், திவேகியிலும் தோணிதான். நம் தூத்துக்குடிக் கரையில் சொல்வதே அவர்கள் வாயிலும் வருகிறது. கட்டணம் சில டாலர்களுக்குள் முடிந்துவிடும். வேகம் குறைவு. மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு விரைவுப் படகு அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் போகும். தோணிக்கு ஒன்றரை மணி நேரம். வாவு அட்டோலின் ஃபுலிதூவுக்கு என்றால் அரை நாள் பிடிக்கும். ஒருநாளைக்கு ஒருமுறை, சில வழித்தடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றுதான் ஓடும்.

நேரம் இருக்கிறவர்கள் குறைந்தது ஒருமுறையாவது இதில் போங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் பாட்டி, விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர், கோழிமுட்டைத் தட்டுகள், சலவை இயந்திரம், கட்டிவைத்த சைக்கிள் எல்லாம் கூடவே வரும். வழியில் ஒவ்வொரு தீவிலும் நிற்கும்போது, துறையில் காத்திருக்கும் முகங்களைப் பார்த்தாலே அந்த ஊர் பாதி தெரிந்துவிடும். வெட்டவெளிக் கடலில் ஓங்கில்கள் (டால்பின்கள்) துள்ளுவதைப் பார்க்கவும் மெதுவான படகே தோது.

இரண்டாவது, அரசு நிறுவனமான எம்.டி.சி.சி. நடத்தும் ஆர்.டி.எல். அதிவேகப் படகுகள். 2022-இல் வட அட்டோல்களில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் விரிந்திருக்கின்றன. ஒரே அட்டோலுக்குள் தீவு தாண்ட இவை பெரிய வரம். கால அட்டவணையை அவர்களுடைய தளத்தில், கிளம்பும் வாரத்தில் மறுபடியும் பார்த்துக்கொள்ளுங்கள், மாறும்.

மூன்றாவது, தனியார் விரைவுப் படகு. பெரும்பாலான பயணிகள் இதில்தான் போகிறார்கள். மாஃபுஷிக்கு ஆளுக்குச் சுமார் 25 டாலர். தெற்கு ஆரி அட்டோலில் உள்ள திகுராவுக்குச் சுமார் இரண்டு மணி நேரமும் அதைப்போல இரண்டு மடங்குக் கட்டணமும் ஆகும். இருக்கையை விருந்தினர் இல்லமே பதிவு செய்து தரும். தனிப்படகு வேண்டும் என்று கேட்டால் நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். பொதுவில் ஓடும் படகில் இருக்கை என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

நான்காவது, உள்நாட்டு விமானம். தொலைவான அட்டோல்களுக்கு இதுதான் வழி. உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு கட்டணம். உள்ளூர் நண்பர் சொல்லும் விலையை நம்பிக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது, கடல் விமானம். தண்ணீரிலேயே எழும்பித் தண்ணீரிலேயே இறங்கும் சிறிய ட்வின் ஆட்டர் விமானம். மேலிருந்து பார்க்கும்போது அட்டோல்கள் நீலத்தில் பச்சை வளையல்களைச் சிதறிவிட்டதுபோல் தெரியும். அந்தக் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் போகவரப் பெரும்பாலும் 400 முதல் 600 டாலர். பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சுமை வரம்பு பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ. இருக்கையைப் பொதுவாக ரிசார்ட் வழியாகத்தான் பெற முடியும்.

வெள்ளிக்கிழமை பற்றி ஏன் எல்லோரும் எச்சரிக்கிறார்கள்?

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளியன்று பொதுத் தோணிகள் பெரும்பாலும் ஓடுவதில்லை. தனியார் படகுகள் ஓடினாலும் நண்பகல் தொழுகை நேரத்தை விட்டுவிட்டுத்தான். கடைகளும் தேநீர்க் கடைகளும் அந்த நேரத்தில் மூடியிருக்கும்.

என் முதல் பயணத்தில் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. வியாழன் மாலைப் படகைத் தவறவிட்டுவிட்டு, மறுநாள் காலை போய்க்கொள்ளலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் துறையில் ஒரு ஈ காக்கை இல்லை. சனிக்கிழமைவரை காத்திருந்ததில் அடுத்த தீவில் கட்டியிருந்த ஒருநாள் வாடகை போனது. அதன்பிறகு எந்தத் திட்டம் போட்டாலும் காகிதத்தில் வெள்ளிக்கிழமைகளை முதலில் அடித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். அந்த நாளைத் தங்குகிற தீவிலேயே கடலில் கழியுங்கள்.

ஒரு அட்டோலிலிருந்து இன்னொரு அட்டோலுக்கு நேராகப் போகலாமா?

பெரும்பாலும் முடியாது. வரைபடத்தில் பக்கத்தில் தெரிந்தாலும், படகு மாலே வழியாகத்தான் சுற்றிக்கொண்டு போகும். அதனால்தான் ஒரு பயணத்துக்கு ஒரு அட்டோல், அதிகம் போனால் இரண்டு என்று வரையறுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆறு ஏழு நாட்கள் இருக்கின்றன. எந்தத் தீவுகளைத் தேர்ந்தெடுக்கலாம்?

எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது.

முதல் முறை போகிறவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் மாஃபுஷியையும் பக்கத்திலுள்ள குளி தீவையும் எடுத்துக்கொள்ளலாம். மாலேக்கு அருகில், படகுகள் நிறைய, அறைகளும் எல்லா விலையிலும். மாஃபுஷியில் கூட்டம் உண்டு; அமைதியைத் தேடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. குளி அதைவிடச் சின்னது, அமைதியானது.

தொட்டூவை நான் தனியாகச் சொல்ல வேண்டும். அட்டோல் வளையத்தில் சேராமல் தனித்து நிற்கும் தீவு. மாலத்தீவு முழுவதற்கும் தர்பூசணியும் பப்பாளியும் விளைவிப்பது இந்த ஊர். ஒரு பக்கம் வெள்ளை மணல், நடுவில் தோட்டங்கள். சைக்கிளில் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது நம் ஊர்க் கொல்லைப்புற வாசனை வரும். தனித்தீவு என்பதால் அலையடிக்கும் நாட்களில் படகுப் பயணம் குலுக்கும்.

பெரிய உயிர்களைப் பார்க்க விரும்பினால் இரண்டு இடங்கள். தெற்கு ஆரி அட்டோலின் திகுராவை ஒட்டிய கடலில் திமிங்கிலச் சுறாக்கள் ஆண்டு முழுவதும் திரிகின்றன. பா அட்டோலில் ஹனிஃபாரு விரிகுடா இருக்கிறது. 2011-இல் அந்த அட்டோல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தென்மேற்குப் பருவத்தில் மிதவை உயிரிகள் நீரோட்டத்தில் அந்தச் சிறு விரிகுடாவுக்குள் அடித்துவரப்பட்டுக் குவியும். அதை உண்ண மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். அங்கே முக்குளிப்புக் கருவியோடு இறங்க அனுமதியில்லை. கண்ணாடியும் மூச்சுக்குழலும் மட்டும், உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, 45 நிமிடம். இந்தக் கட்டுப்பாடு எரிச்சலாகத் தோன்றலாம். இறங்கிப் பார்த்த பிறகு, இன்னும் கடுமையாக இருந்தாலும் தகும் என்றே எனக்குப் பட்டது. மாலேயிலிருந்து தரவந்தூவுக்கு விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து விரிகுடா கூப்பிடு தூரம்.

தென்கோடிவரை போவது வீண் அலைச்சலா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். மாலேயிலிருந்து அட்டூ அட்டோலின் கன் விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேர அளவு. 1976 வரை அங்கே பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் இருந்தது. கன்னிலிருந்து ஹித்ததூவரை பல தீவுகளைக் கோத்தபடி ஒரே சாலை போகிறது. மாலத்தீவில் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ தீவு விட்டுத் தீவு போகக்கூடிய அபூர்வமான இடம்.

அருகில் ஃபுவாமுலா. ஒற்றைத் தீவே ஓர் அட்டோல். உள்ளே இரண்டு நன்னீர் ஏரிகள், வாழையும் கிழங்கும் விளையும் கறுத்த மண், கரையை ஒட்டிய ஆழ்கடலில் புலிச்சுறாக்கள். நிலநடுக்கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடல் கொந்தளிப்பு மிகுந்தது என்பதால், அட்டூவிலிருந்து படகில் போகும்போது ஒருநாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். மாலேயிலிருந்து நேரடி விமானமும் உண்டு.

எந்த மாதங்களில் போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல்வரை வடகிழக்குக் காற்றுக் காலம். அவர்கள் இருவை என்கிறார்கள். வானம் வெளுத்திருக்கும், கடல் அடங்கியிருக்கும், விலை ஏறியிருக்கும். மே முதல் நவம்பர்வரை தென்மேற்குப் பருவம், அவர்கள் மொழியில் ஹுளங்கு. நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் அதே காற்று. மழை நாள் முழுவதும் கொட்டாது. வந்து அடித்துவிட்டுப் போகும். ஆனால் கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். மாண்டா திருக்கைகளும் மலிவான அறையும் வேண்டுமானால் இந்தப் பருவம். நேரம் தவறக் கூடாது என்றால் முதல் பருவம்.

படகில் தலைசுற்றல், குமட்டல் வருமா?

விரைவுப் படகு அலைமேல் ஏறி ஏறி விழும். முன்பக்கத்தில் உட்கார்ந்தால் முதுகெலும்பு உணரும். பின்பக்கம் உட்காருங்கள், தொடுவானத்தைப் பாருங்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

பெட்டிகளைப் படகின் முனையிலோ மேலேயோ அடுக்குவார்கள். கடல்நீர் தெறிக்கும். பாஸ்போர்ட், கைப்பேசி, மருந்து மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருங்கள். சக்கரப் பெட்டியைவிடத் தோள்பை நல்லது.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போகலாம், ஒரே தீவில் நான்கைந்து நாள் தங்குவதாக இருந்தால். சிரமமான கணம் ஒன்றே ஒன்று: ஆடும் படகிலிருந்து துறையில் கால் வைப்பது. படகுப் பையன்கள் இரு கையும் பிடித்து ஏற்றி இறக்குவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று முன்பே சொல்லிவிட்டால் பின்பக்க இருக்கையும் ஒதுக்கித் தருவார்கள். தீவுக்குள் போனபின் எல்லாம் சமதளம். சாமான்களைத் தள்ளுவண்டியிலோ சிறு மின்வண்டியிலோ கொண்டுபோய்விடுவார்கள். கரைக்கருகே வலையில் பின்னிய ஜோலி என்ற நாற்காலிகள் இருக்கும். என் அம்மா அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார்.

உடை, வழிபாடு, மது: எதில் கவனம் வேண்டும்?

மாலத்தீவு இஸ்லாமிய நாடு, சட்டமும் அப்படியே. ஊர்த்தீவுகளில் நீச்சல் உடை அணிய, சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒதுக்கிய கடற்கரைகள் உண்டு. மற்ற இடங்களில் தோளும் தொடையும் மறையும்படி உடுத்துங்கள். மது ஊர்த்தீவுகளில் கிடையாது. ரிசார்ட்டிலும் உல்லாசப் படகிலும்தான். வெளியிலிருந்து கொண்டுபோனால் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பன்றி இறைச்சிக்கும் தடை.

நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: வழிபாட்டுக்கான சிலைகளைக் கொண்டுபோகக் கூடாது. பையில் எப்போதும் வைத்திருக்கும் சிறு பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மின்சிகரெட்டுக்கும் 2024 இறுதியிலிருந்து தடை. திரும்பும்போது மணல், சிப்பி, பவளத் துண்டு எதையும் எடுத்துவரக் கூடாது, பைகளைச் சோதிக்கிறார்கள்.

ரமலான் மாதத்தில் ஊர்த்தீவுகளில் பகல்நேர உணவகங்கள் மூடியிருக்கும். விருந்தினர் இல்லத்தில் சாப்பாடு தருவார்கள். மாலையில் நோன்பு திறக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் கூப்பிட்டால் தயங்காமல் போய் உட்காருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால். மஸ் என்றால் மீன். காலையில் ரொஷி என்ற சப்பாத்தியோடு வரும் மஸ் ஹுனி என்பது தேங்காய்த் துருவலும் சூரை மீனும். டீக்கடையில் சமோசாபோல் இருக்கும் பஜியாவிலும் உருண்டையாக இருக்கும் குளாவிலும் உள்ளே மீன்தான் இருக்கும். கீரைக் கலவை என்று வைப்பதிலும் மீன் தூவியிருக்கலாம். "மஸ் வேண்டாம்" என்பதை விருந்தினர் இல்லத்தில் முதல் நாளே சொல்லுங்கள். பருப்பு, காய்கறிக் குழம்பு, சோறு செய்து தருவார்கள். மாலேயில் இந்திய உணவகங்கள் உண்டு. சிறு தீவுகளுக்குப் போகும்போது ஊறுகாயும் பொடியும் துணைக்கு இருக்கட்டும்.

பணம் எப்படி எடுத்துப் போவது? மறைந்திருக்கும் செலவுகள் என்ன?

நாணயம் ருஃபியா. அதிகாரபூர்வ மதிப்பில் ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா. அறை, படகு, கடல் உலா எல்லாம் டாலரில் பேசப்படும். தேநீருக்கும் பொதுப் படகுக்கும் ருஃபியா. கிழியாத, கசங்காத டாலர் நோட்டுகளாக எடுத்துப் போங்கள். சிறு தீவில் ஏ.டி.எம். இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இணையத்தில் பார்த்த அறை விலையோடு கணக்கு முடிவதில்லை. 2025 ஜூலை முதல் சுற்றுலாப் பொருள் சேவை வரி 17 சதவீதம். பெரும்பாலும் 10 சதவீதச் சேவைக் கட்டணம். அதோடு பசுமை வரி: 50 அறைக்கு உட்பட்ட விருந்தினர் இல்லங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12 டாலர். நாலு பேர் குடும்பம் ஐந்து இரவு விருந்தினர் இல்லத்தில் தங்கினால் பசுமை வரி மட்டுமே 120 டாலர். இதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் கடைசி நாளில் மனக்கசப்பு வராது.

கடிகாரத்தில் குழப்பம் வரும் என்கிறார்களே?

மாலே நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி பின்னால். ரிசார்ட்டுகள் பலவற்றில் சூரிய ஒளி கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருப்பார்கள். ரிசார்ட்டில் ஓரிரவும் ஊர்த்தீவில் சில நாளும் தங்குகிறவர்கள், "படகு எட்டு மணிக்கு" என்றால் யாருடைய எட்டு மணி என்று கேட்டே ஆக வேண்டும்.

நீந்தத் தெரியாது. போய் என்ன பார்ப்பது?

காயல் பகுதிகளில் இடுப்பளவு நீரில் நின்றாலே மீன்கள் காலைச் சுற்றும். மிதவை அங்கி அணிந்து, வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பவளப்பாறையைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒன்றைக் கடுமையாகவே சொல்கிறேன்: தனியாக இறங்காதீர்கள். பவளப்பாறையின் விளிம்பில் தரை சட்டென்று ஆழத்துக்குப் போய்விடும். தீவுகளுக்கு இடையிலான கால்வாய்களில் நீரோட்டம் ஆற்று வெள்ளம்போல் இழுக்கும். மேலே கண்ணாடிபோல் தெரிவதை நம்ப முடியாது. கடலோரக் காவல் படையின் எண் 191, ஆம்புலன்ஸ் 102, காவல்துறை 119. கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

முக்குளித்தவர்கள் விமானம் ஏறும்முன் 18 முதல் 24 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கடைசி நாளை அதற்கேற்ப அமையுங்கள்.

திரும்பும் நாளுக்கு எப்படித் திட்டமிடுவது?

பன்னாட்டு விமானம் ஏறும் அதே நாளில் தொலைதூரத் தீவிலிருந்து படகில் வரும்படி வைக்காதீர்கள். முந்தைய நாளே மாலேக்கு வந்துவிடுங்கள். காற்று மாறினால் படகு கிளம்பாது. அதற்கு யாரையும் குறைசொல்லிப் பயனில்லை.

அப்படி மாலேயில் கிடைக்கும் அரை நாளில் என்ன பார்க்கலாம்?

1658-இல் கட்டப்பட்ட ஹுக்குரு மிஸ்கி என்ற வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல். பவளக் கற்களைச் சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக் கட்டிய சுவர்கள். அவற்றில் நுணுக்கமான செதுக்கு வேலை. வெளியிலிருந்து பார்த்தாலே போதும், கால் நகராது. உள்ளே போக வேண்டுமானால் அனுமதி கேளுங்கள்.

பிற்பகலில் வடக்குத் துறைக்கு நடங்கள். தோணிகள் அப்போதுதான் திரும்பியிருக்கும். வலை போடாமல், தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை மீன்களை மீன் சந்தையின் தரையில் வரிசையாக அடுக்குவார்கள். பக்கத்துச் சந்தையில் தொட்டூ பப்பாளி, தேங்காய், வெற்றிலை, பாக்கு. ஒரு மூலையில் கட்டைபோல் காய்ந்த கறுப்புத் துண்டுகள் குவிந்திருக்கும். அவர்கள் ஹிகிமஸ் என்பார்கள். கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். நம் பாட்டிமார் சம்பலுக்கு இடித்துப் போட்ட அதே மாசிக் கருவாடு.